டல்லாஸ் பவித்ராவுக்குத் திருமுல்லைவாயில் தந்த ஸ்பெல்லிங்

அமெரிக்கா இன்று ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறது என்றால் அதற்குத் திருமுல்லைவாயில்தான் காரணம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ‘வையக ஸ்பெல்லிங் பேரவை’ இயங்குகிறது. அமெரிக்கப் பிள்ளைகளை அங்கே நடக்கும் ஸ்பெல்லிங் போட்டிகளுக்கு இங்கிருந்தே இணையவழியில் தயார்செய்கிறோம். நான் வேலுசாமி, பேரவையின் ‘உலகளாவிய கல்வி இயக்குநர்’. போன வருடம் வரை இதே மாடியில் தையல் வகுப்புக்கு மேற்பார்வையாளராக இருந்தேன்.

அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஷோபனா டீச்சர் ரயில் பிடித்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர். மற்றபடி அவரிடம் குறை ஒன்றும் இல்லை.

அவருடைய மாணவி பவித்ராவுக்கு வயது பதினொன்று. டல்லாஸில் இருக்கிறாள். அப்பா வெங்கட், அம்பத்தூரில் வளர்ந்தவர். பள்ளி முடிந்ததும் மகளுக்குத் தினமும் நான்கு மணி நேரம் ஸ்பெல்லிங். பிறந்தநாளன்றுகூட கேக்கில் மெழுகுவர்த்தி உருகி முடிவதற்குள் நாற்பது வார்த்தைகளை முடித்தாள். பண்பான குழந்தை.

எங்கள் கல்விமுறையில் வார்த்தைக்குப் பொருள் கிடையாது, எழுத்து மட்டும்தான். பொருளைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்படக் கூடாது. அது நிர்வாகத்தின் துறை.

இந்த ஒழுங்கு ஒரு செவ்வாய்க்கிழமை குலைந்தது. ஷோபனா ‘மெலன்கலி’ என்றார். பவித்ரா நான்கே விநாடிகளில் எழுத்துக்களை அடுக்கிவிட்டு, “மிஸ், அப்படின்னா என்ன?” என்று கேட்டாள்.

“காரணம் தெரியாம மனசுக்குள்ள ஒரு துக்கம் தங்கிடறது.”

“அது எனக்கு இருக்கு மிஸ்” என்றாள். பிறகு அழுதாள்.

ஷோபனா பாடத்தை நிறுத்திவிட்டுப் பதினேழு நிமிடம் அவளோடு பேசினார். வகுப்பு முடிந்ததும் வெங்கட்டையே அழைத்து, மகளுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் என்றார். பத்து நிமிடத்தில் வெங்கட்டின் புகார் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. குழு என்றால் நிறுவனர் தட்சிணாமூர்த்தி அண்ணனும் நானும். குற்றச்சாட்டை வாசித்தேன்: ‘பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட பரிவு.’

“இன்னாம்மா, கிளாஸ்ல கதை பேசிகினு இருந்தியாமே?” என்றார் அண்ணன்.

“குழந்தை அழுதது சார். ஏன்னு கேட்டேன்.”

“ஏன்னு கேக்கறதுக்கா சம்பளம்? ஸ்பெல்லிங் கேட்டியா?”

“இல்ல சார்.”

“பாத்தியா வேலு, தப்ப ஒத்துக்குது.”

“ரெண்டு வருஷமா யார் வீட்டுக்கும் விளையாடப் போனதில்லையாம் சார். ஒரு ஃப்ரெண்டு கிடையாது.”

“அதான் ஃபைனலுக்கு வந்துகீது” என்றார் அண்ணன்.

மறுக்க முடியாத வாதம். நான் குறித்துக்கொண்டேன்.

பணிநீக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்தேன். ஷோபனா அதை நின்றபடியே படித்தார். மூன்று ஸ்பெல்லிங் பிழைகளைப் பேனாவால் திருத்தினார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதம் பவித்ரா கோப்பையை வென்றாள். யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறாய் என்று மேடையில் மைக்கை நீட்டினார்கள்.

“ஷோபனா மிஸ்ஸுக்கு. ஏன் அழுறேன்னு அவங்க மட்டும்தான் கேட்டாங்க. கேட்டதுக்காக வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அப்பா, இனிமே நான் ஸ்பெல்லிங் சொல்ல மாட்டேன்.”

கீழே முதல் வரிசையில் வெங்கட் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி இப்போது எங்கள் வரவேற்பறை டிவியில் நாள் முழுக்க ஓடுகிறது. பேச்சை எடுத்துவிட்டு நாதஸ்வரம் சேர்த்திருக்கிறோம். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், “பாப்பா இன்னா சார் சொல்லுது?” என்று கேட்பார்கள். “டீச்சருக்கு நன்றி சொல்கிறாள்” என்பேன். நான் பொய் சொல்வதில்லை.

இதுவரை ஒரு தாயோ தகப்பனோ அந்தப் பிள்ளையின் குரலை வைக்கச் சொன்னதில்லை.