உங்கள் ஈரலின் காவலர்

மனித குலத்தில் ஈரல் காவலர் என்று ஓர் இனம் உண்டு. தன் ஈரலைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. உங்களுடையதுதான் அவருடைய தொகுதி.

எங்கள் நகரிப் பக்கத்துக் காவலர் கோவர்த்தனன். மன உளைச்சல் ஈரலைக் கெடுக்கும், சில தாவரச் சத்துகள் அதைத் தடுக்கக்கூடும் என்று எலிகளை வைத்து ஆராய்ந்து யாரோ அடக்கமாகச் சொன்னதைச் செல்போனில் பார்த்தார். எலியையும் 'கூடும்' என்பதையும் அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தோடு ஊருக்குள் இறங்கினார். முகம் வாடிய எவரையும் நிறுத்திக் கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், எலும்புக்குப் புத்தூர் கட்டு, ஈரலுக்கு நான் என்று அறிவித்து, கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அரைத்த பச்சைச் சாற்றை நீட்டி, சொம்பு காலியாகும்வரை எதிரிலேயே நிற்பார். உங்களுக்கு உளைச்சலே இல்லையா? ஐந்து நிமிடம் பொறுங்கள். வந்துவிடும்.

அவர் தங்கை ரேகாவின் புருஷன் ஹேமநாத்துக்கு நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை நிரந்தரமாகும் நேரம். ரத்தப் பரிசோதனையில் தேறினால் போதும். அந்தக் கவலையில் தூக்கம் கெட்டதுதான் தாமதம், தினமும் விடியலில் மச்சான் சொம்போடு வாசலில் நின்றார். செடியெல்லாம் சொந்த மாந்தோப்பில் பறித்தது. மர நிழலில் முளைத்ததற்குத்தான் வீரியமாம்.

பரிசோதனையில் ஈரல் நொதி அளவுகள் எகிறின. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம், அதுதான் கடைசி என்றது கம்பெனி. என்னென்ன உள்ளே போகிறது என்று திருப்பதி டாக்டர் குடைந்து கேட்டபோது ரேகாவுக்குப் பொறி தட்டியது. நேரே அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, மா பூ விட்டுக்கினு இருக்குதே, பூச்சிமருந்து அடிச்சியா?"

"அடிக்காம? மரத்துக்குத்தாம்மா அடிச்சேன். செடிக்கு இல்ல."

ஹேமநாத் சாற்றை நிறுத்தினார். மறு மாதம் அளவுகள் இறங்கின, வேலையும் நிலைத்தது. சேதி கேட்டுக் கோவர்த்தனன் பூரித்துப்போனார்.

"பாத்தியா மாப்ள? எம் மருந்து மெதுவாத்தான் புடிக்கும். அதுக்குள்ள நிறுத்திக்கினு நிக்கிற."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் தோப்பில் பறித்ததுதான் தப்பு, நம் கொல்லையில் இருப்பது சுத்தமானது, எதிர்வீட்டுக்காரர் முகம்கூட இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறது என்று நடுவில் ஒரு யோசனை ஓடியதா? அவரை விட்டுவிடுங்கள். பாவம், மனிதருக்கு இருப்பது ஒரே ஈரல்.