ஏழாம் அத்தியாயமும் என் வயிறும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே என் வயிறு ஒன்றைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

ஓய்வுபெற்ற பிறகு, பார்வையற்றவர்களுக்காகப் புத்தகம் வாசித்துப் பதிவுசெய்யப் போகிறேனே, அங்கேதான் வந்தது வினை. கிளம்பும்போது பெரிய குவளை நிறையப் பால், இரண்டு கரண்டி இன்ஸ்டன்ட் காபித்தூள், மூன்று கரண்டி சர்க்கரை. சுண்ணாம்புச்சத்து, புரதம், எல்லாம் இதிலேயே அடக்கம் என்று உன் அண்ணியிடம் பீற்றிக்கொள்வேன். போன வாரம் அறைக்கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, கடலோடிக் கதையின் ஆறாம் அத்தியாயத்தை ஆரம்பித்தேன். "கடல் அமைதியாக இருந்தது" என்றதும் கடமுடா என்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற அம்மாள், "சார், நாற்காலியை இழுக்காதீங்க" என்றார். "நாற்காலி இல்லைங்க, நான்தான்" என்றேன். நாலு தடவை கடலை அமைதியாக்கிப் பார்த்தேன், நாலு தடவையும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், சத்தத்தையெல்லாம் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று எப்படியோ அத்தியாயத்தை முடிக்கவைத்தார். "இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் வாசிக்கச் சொல்லணும், சார்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷம் அலுவலகத்தில் என் பேச்சை ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை, இங்கேதானம்மா கேட்கிறார்கள்!

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். உணவு ஆலோசகர் என்றால் சும்மாவா? "அண்ணா, வயசானா சிலருக்குப் பால்ல இருக்கற சர்க்கரை செரிக்காது, குடல்ல புளிச்சு வாயுவாகும். காபி வேற குடலைத் தட்டி எழுப்பும். அதுக்கு மேல மூணு கரண்டி சர்க்கரை! இது காபியா, மிட்டாய்க் கடையா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாய். அதிலிருந்து ரெண்டு ரொட்டித் துண்டு, பாலில்லாத காபி. நான் முகம் சுளிப்பதைப் பார்த்து, "மருந்து குடிக்கற குழந்தை தேவலை" என்கிறாள் உன் அண்ணி. ஆனால் ஏழாம் அத்தியாயத்தில், நடுக்கடல் புயலை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன், வயிறு வாயே திறக்கவில்லை! வேலை தப்பியது. இனி பால் காபியை மோந்துகூடப் பார்ப்பதில்லை, இது உன்மேல் சத்தியம். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
வயிறு அடங்கிய அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஒலிப்பதிவு அம்மாள் போன் செய்தார். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கடமுடா அழியாமல் தங்கிவிட்டதாம். கேட்டவர்கள் எல்லாம், "அமைதியான கடல்ல தூரத்துல ஒரு இடி, உடம்பே சிலிர்த்துப் போச்சு! ஏழுல புயலே வந்துடுச்சு, அந்த இடியைக் காணோமே?" என்று கேட்கிறார்களாம். நாளைக்கு ஏழாம் அத்தியாயம் மறுபடியும். பால் அவரே வாங்கி வைக்கிறாராம். சர்க்கரை மூன்றா, நாலா என்று கேட்டார். புயலாச்சே, நாலு என்று சொல்லிவிட்டேன்.