குத்தறதா மாமாவும் நான்காம் எண் கம்பளியும்

"மாதிரி எண் 4. இடது மணிக்கட்டின் உட்புறம் கட்டவும். குளிக்கும்போது கழற்றலாம்; தூங்கும்போது கூடாது. சொரிந்தால் நேரத்தைக் குறிக்கவும்."

இந்தத் துண்டுச்சீட்டு என் கதவுக்கடியில் வந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்துக்கு. கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள். கூடவே இரண்டு விரல் அகலத்தில் கையால் பின்னிய ஒரு கம்பளிப் பட்டை. கத்திரியில் சென்னைக்காரர்களுக்குக் கம்பளி கட்டிவிட்ட மனிதர் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வாசல் பலகையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் கேட்ட ஒரே கேள்வியே பெயராகி, குத்தறதா மாமா ஆனார்.

மாமா பெயின்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஏசி அறையில் படுக்கை. போர்த்தாவிட்டால் பல் கிடுகிடுக்கும். கம்பளி போர்த்தினால், நோயில் ஏற்கெனவே அரிக்கிற தோல் எரியும். கடையில் வாங்கிய மூன்று சால்வைகளும் பீரோவுக்குள் போயின. வேறொருவராக இருந்தால் நாலாவது சால்வை வாங்கியிருப்பார். மாமா ஆட்டிலிருந்து ஆரம்பித்தார்.

ஊர் ஊராக எழுதிப் போட்டு ரோமம் வரவழைத்தார். வென்னீரில் ஊறவைத்து அலசி, நாய்க்கு வாரும் பிரஷ்ஷால் சிக்கெடுத்து, தக்ளியில் நூற்று, யூடியூபைப் பார்த்துப் பின்னினார். தரைத்தளம்வரை ஆட்டு வாடை அடித்தது. தக்காணத்துக் கறுப்பு ஆடு, தேங்காய் நார். கோயம்புத்தூர் ஆடு கொஞ்சம் தேவலை. வெளிநாட்டு மெரினோ வெண்ணெய்தான். ஆனால் மாமா கையில் வழுக்கி வழுக்கி அறுந்தது. எண் 4, நீலகிரி ஆடு. இவை எல்லாவற்றையும் முறைவைத்து என் கையில் கட்டினார். மறுக்கலாம்தான். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

உள்ளூர் ஆட்டை ஒதுக்குவது நியாயமில்லை என்று என்னைச் சைதாப்பேட்டை கறிக்கடைக்கு இழுத்துப் போனார். முட்டைகூடத் தொடாதவர், தொங்கும் தொடைகளுக்கு நடுவே நின்று, "ரோமம் ஒரு பிடி கிடைக்குமோ?" என்றார்.

"இன்னா நைனா, ஊரே கறி கேக்குது, நீ முடி கேக்கற!" என்றார் கடைக்காரர். "இது நம்மூரு செவப்பாடு. இதும்மேல கம்பளி ஏது? நாய் முடி மாரி கீது பாரு."

மாமா அங்கேயே குறித்துக்கொண்டார்: "மெட்ராஸ் ஆடு நிராகரிப்பு. இந்த ஊர் வெயிலில் அதற்கே கம்பளி தேவைப்படவில்லை."

பத்தாம் நாள் முடிவுகள் வந்தன. அடுக்ககத்தில் கட்டிக்கொண்ட ஏழு பேருக்கும் எல்லாக் கம்பளியும் குத்தியது. மாமா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அவளுக்கு ஒண்ணுமே கிடையாதா சார்?" என்றார். அன்று காலைதான் மாமி நடுங்கிக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தார்.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த செல்வி, தினமும் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள், என் மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அய்ய, இது ஆடு குத்துனதா? வேர்க்குரு சார்! இந்த வெயில்ல பட்டுத்துணி கட்னாலும் குத்தும். மாமி ஏசில படுத்துக்கினு கீறாங்க, நீங்க வேர்வைல டெஸ்டு பண்ணிக்கினு கீறீங்க!"

மாமா துள்ளி எழுந்தார். "சோதனைக்கூடமே தப்பு, செல்வி!"

எங்களுக்குத் தெரிந்த நல்ல குளிர், தி.நகர் நகைக்கடைகளில்தான் இருந்தது. மறுநாள் மாலை மாமா, செல்வி, நான் மூவரும் ஒரு கடையில் வளையல் பிரிவின் முன்னால் கையில் கம்பளியோடு உட்கார்ந்தோம். விற்பனையாளர் இரண்டு முறை காபி கொடுத்து, மூன்றாம் முறை "என்ன மாடல் சார் பாக்கறீங்க?" என்றார்.

"இன்னும் முக்கால் மணி உக்காந்துண்டு இருக்கணும்," என்றார் மாமா. "அதுவரைக்கும் எது வேணாலும் காட்டுங்கோ."

விற்பனையாளர் காவலாளியைக் காட்டினார். காவலாளி வந்து, "இன்னா பெரியவரே, மூணு பேரும் கைல கட்டிக்கினு, இன்னா மேட்டரு?" என்றார். மாமா தன் கையிலிருந்த நான்காம் எண்ணை அவிழ்த்து அவர் மணிக்கட்டில் கட்டினார். "நீங்களே சொல்லுங்கோ. குத்தறதா?"

காவலாளி கண்ணை மூடி யோசித்தார். வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். "இல்ல சார். மெத்துனு கீது."

நீலகிரி ஆடு வென்றது. சால்வை முடிய நான்கு மாதம் ஆயிற்று. எந்தப் பக்கம் மடித்தாலும் ஐந்து மூலை இருந்தது. மாமி அதைப் போர்த்திக்கொண்டு, "மெத்துன்னு இருக்குன்னா," என்றார். நடுக்கம் நின்றது. மாமா என் கையை விட்டார். நான் நிம்மதியாகச் சொரிந்துகொண்டேன்.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான், சொரிந்த நேரங்களைக் குறித்துவந்த குறிப்பேட்டை மூடினேன். ஐப்பசியில் ஒருநாள் செல்வி என்னைக் கூப்பிட்டு, நைந்த மல் துணி ஒன்றைக் காட்டினாள். கழுத்தைச் சுற்றும் அளவு.

"மாமி இத சால்வைக்குள்ள கழுத்துல சுத்திக்கிறாங்க சார். மாமா கைல சொல்லாதேன்னு தேய்க்கக் குடுப்பாங்க. இன்னிக்கு மாமாவே எடுத்துக்கினு வராரு. நல்லா மெத்துனு தேய், நான் குடுத்தேன்னு மாமி கைல சொல்லாதேன்றாரு. ரெண்டு பேரும் சொல்லாதேன்னா நான் இன்னா சார் பண்றது?"

"தேய்," என்றேன்.

சென்ற தை மாதம் இருவரும் பெண் இருக்கும் பெங்களூருக்குக் குடிபோனார்கள். சால்வையும் போனது, மல் துணியும் போயிருக்கும். ஊரையெல்லாம் கேட்ட அந்தக் கேள்வியை மாமா மாமியிடம் மட்டும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. என் குறிப்பேட்டில் "நீலகிரி, எண் 4, குத்துமா?" என்பதற்கு எதிரே "சரிபார்க்கப்படவில்லை" என்றே இருக்கிறது. அதைத் திருத்தும் எண்ணம் எனக்கு இல்லை.