கட்டாரில் பசி, பதுளையில் ஏப்பம்

செத்துப்போனவரோடு உட்கார்ந்து சோறு தின்ன ஆசையா? தூரதேசத்தில் உயிரோடு இருப்பவரோடு? ஆளைச் சொல்லுங்கள், கோழிக்கறியைக் கொண்டு வாருங்கள். மீதியை விருந்துச் சாமி பார்த்துக்கொள்வார்.

பதுளை ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கம், பாழடைந்த பிள்ளைக் காம்பராவில்தான் சாமியின் ஆசிரமம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுப்போன அறை அது. இப்போது புத்தியை விட்டுப்போனார்கள். வெள்ளிக்கிழமையானால் பசறை பஸ் கூட்டத்தைக் கொட்டும். அப்புத்தளையிலிருந்து வேன் பிடித்தும் வந்தார்கள், கையில் கறிச்சட்டியோடு.

நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் விருந்தாளிக்கு இலை. ஆவி வழி தவறிவிடாமல் சாமியும் அந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்வார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆவிக்குக் கூச்சமாம். கொஞ்ச நேரத்தில் எலும்பு கடிபடும் சத்தம். பிறகு நீளமாய் ஓர் ஏப்பம். திரை விலகினால் இலை காலி. செத்தவர்கள் சாப்பிட்டார்கள், சாமி பருத்தார்.

வந்த ஆவிகளில் ஒன்றுக்குக்கூட ரொட்டியும் சம்பலும் பிடிக்கவில்லை. உயிரோடிருந்த காலத்தில் அதைத் தவிர வேறெதையும் கண்டறியாத ஆவிகள்! தோட்டத்துக் கிழவர் மத்தேயு மட்டும், வேலை வாங்கிய காலத்தில் தன்னை உதைத்த, செத்துப்போன கங்காணியைக் கூப்பிட்டு, வெறும் கழுத்தெலும்பாகப் பரிமாறித் திட்டித் தீர்த்தார். அன்றைக்கு ஆவிக்குப் பசியில்லை.

விதுஷாவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் வீட்டுக்குள் நுழையும்வரை. தோட்டத்து லய வீடுகளிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பிள்ளை அவள். அவளுடைய அம்மா ரெங்கம்மாவோ, கட்டாரில் வேலை செய்யும் மகன் கஜேந்திரனை வாராவாரம் விருந்துக்கு அழைத்தாள். முட்டைக் கோழிகள் ஒவ்வொன்றாகப் போயின. அதுகூடப் போகட்டும். மூன்று வருஷம் கழித்து லீவு கிடைத்தவனிடம், "நீ வர வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். வெள்ளிதோறும் வந்து சாப்பிட்டுப் போகிறவன் எதற்கு விமானம் ஏற வேண்டும்? காரணத்தை அவனிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் உயிர் உடம்புக்குத் திரும்பும் வழியை மறந்துவிடும் என்று சாமி மிரட்டியிருந்தார். அதன்பிறகு அவன் அம்மாவோடு பேசவே இல்லை.

அடுத்த வெள்ளி விதுஷாவும் கூடப் போனாள். திரைக்கு அப்பால் எலும்பு நொறுங்கத் தொடங்கியது.

"மெதுவா தின்னுய்யா," என்று ரெங்கம்மா கண்ணைத் துடைத்தாள்.

விதுஷா அண்ணனைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடியே, வேணாம் புள்ள! அவன் உசுரு..."

"சாப்பிடுறவன்கிட்ட உப்பு சரியான்னு கேக்குறது தப்பாம்மா?"

"சொல்லு விது," என்றான் கஜேந்திரன். திரைக்குள் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

"உசுரோட இருக்கியாண்ணா?"

"ஏன், செத்துட்டேன்னு யாராச்சும் சொன்னாங்களா? துணி தொவச்சிக்கிட்டு இருக்கேன்."

ரெங்கம்மா போனைப் பிடுங்கினாள். "ராசா... கறியில உப்பு சரியா இருந்துச்சாய்யா?"

"எந்தக் கறி? காலையில இருந்து பச்சத்தண்ணிதாம்மா. பசி கொல்லுது."

மெல்லும் சத்தம் நின்றது. "ஒடம்பு அங்க பேசுது... உசுரு இங்க சாப்பிடுது தாயே!" என்றார் சாமி, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு.

"உசுரு தின்னா அவனுக்கு ஏன் சாமி வயிறு காயுது?"

கேட்டது ரெங்கம்மா. கேட்டதோடு நிற்காமல் திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு வந்தது. தாடியெல்லாம் குழம்பு, கையில் கோழிக்கால். இலைக்கு முன்னால் சாமியைத் தவிர ஒருவரும் இல்லை.

"ஒனக்குப் பதிலா இவருதான் வாராவாரம் தின்னுருக்காருண்ணா," என்றாள் விதுஷா.

"அதுக்காகத்தான் என்னைய வர வேணாம்னியாம்மா?"

"வாய்யா." ரெங்கம்மா விம்மினாள். "மிச்சமிருக்க ஒத்தக் கோழிய நீ வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்!" சாமியின் கையிலிருந்த காலைப் பறித்து வாசல் நாய்க்கு எறிந்தாள். சாமி பின்ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தார். இத்தனை ஆவிகளின் சாப்பாடு சேர்ந்த வயிறு பாதியில் சிக்கிக்கொண்டது.

வெளியே கந்தப்பன், செத்த பெண்சாதிக்கென்று சுமந்துவந்த சட்டியோடு விழித்தார். "அப்ப இந்தக் கறிய என்னா செய்றது புள்ள?"

"பேரப்புள்ளைங்களுக்குப் போடுங்க மாமா. அதுக திங்கிறதக் கண்ணால பாக்கலாம்."

நாளைக்கு இன்னொரு சாமி வருவார், இன்னொரு திரை கட்டுவார். ஆவி வந்ததா, இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏப்பம் விடுவது யார் என்று மட்டும் பாருங்கள்.