தொப்பிக் கோடு

"போட்டோவுல தொப்பி கூடாதாம்" என்றாள் மார்லீஸ், போனைப் பார்த்தபடியே. "டாரா எழுதியிருக்கா. சர்ச்சுல கூடாது, புல்வெளியில கூடாது, சாப்பாட்டு ஹாலுல கூடாது."

டெல்மர் ஹுஸ்மன் முட்டையை வெட்டுவதை நிறுத்தினார்.

"ஹாலுலயுமா?"

"ஹாலுலயும்தான். ஒரு நாள் தொப்பி இல்லாம இருந்தா செத்தா போயிடுவே?"

அவர் எழுந்துபோய்க் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, விதைக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த பச்சைத் தொப்பியைக் கழற்றினார். மகளின் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நெப்ராஸ்கா வெயிலில் நாற்பது வருஷம் சோளமும் சோயாவும் போட்ட மனிதரின் முகம், நன்றாக வறுத்த வேர்க்கடலை நிறம். கோட்டுக்கு மேலே, சூரியனையே பார்க்காத ஒரு நெற்றி. இரண்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல எல்லை.

ஊரில் இது அதிசயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபத்துக்கு எழச் சொன்னால், எழுந்து நிற்கிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் பாதி வெள்ளை, பாதி பழுப்பு. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரிக்க ஆரம்பித்தால் ஆராதனை முடியாது.

சிகாகோவில்தான் சிக்கல். போன செப்டம்பரில் நிச்சயதார்த்த விருந்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை ஜூலியனின் அத்தை ஒருத்தி மார்லீஸிடம் வந்து, மிகவும் பரிவாக, "உங்க வீட்டுக்காரருக்குத் தலையில ஆபரேஷனா? கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று கேட்டுவிட்டாள். மார்லீஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். டெல்மரும் கூடச் சேர்ந்து சிரித்தார். திரும்பி வருகிற எட்டு மணி நேரமும் வாயைத் திறக்காமல் கார் ஓட்டினார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, சர்ச்சில் டாராவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகப்போவது அவர்தான். சிகாகோவிலிருந்து வருகிற அறுபது பேரும் பெண்ணைப் பார்க்காமல் பெண்ணின் அப்பா நெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? ஒரே மகள். அவள் வாழ்நாளெல்லாம் மாட்டி வைக்கப்போகிற படத்தில் தன்னால் ஒரு கேலி இருக்கக்கூடாது.

"வெயில் பண்ணின வேலைதானே. வெயிலே சரி பண்ணட்டும்" என்று முடிவெடுத்தார்.

மறுநாள், குளிர்சாதனக் கூண்டு வைத்த புது டிராக்டரை விட்டுவிட்டு, கூரையில்லாத பழைய டிராக்டரை எடுத்துக்கொண்டு சாலையோரப் புல்லை வெட்டக் கிளம்பினார். தலையில் ஒன்றுமில்லை. நாற்பது வருஷத்து வெள்ளையை நாலு மணி நேரத்தில் கறுக்கவைத்துவிடலாம் என்பது கணக்கு.

சாயங்காலம் மார்லீஸ் கதவைத் திறந்து பார்த்தாள்.

"மேல சிவப்பு, கீழ பழுப்பு. முன்னயாவது ரெண்டும் ஒரே குடும்பம்னு சொல்லலாம்."

"ரெண்டு நாள்ல இறங்கிடும்."

இறங்கியது. தோலோடு இறங்கியது. திங்கட்கிழமை காலையில் நெற்றி, பழைய கொட்டகைச் சுவரில் பெயின்ட் உரிவதைப் போலப் பொருக்குப் பொருக்காக உரிய ஆரம்பித்தது. அடியிலிருந்து எட்டிப் பார்த்த புதுத்தோல் முன்னைவிட வெளுப்பு.

செவ்வாய்க்கிழமை மார்லீஸ் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய அலமாரியைக் குடைந்தார். கோடையில் கால்களுக்குத் தடவுகிற லோஷன் ஒன்று அகப்பட்டது. வெயிலில் நிற்காமலே மூன்று மணி நேரத்தில் வெயில் நிறம் என்று மேலே போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஏதோ நிறைய இருந்தது. மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்ததால் அதைப் படிக்கவில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றித் தாராளமாகப் பூசிக்கொண்டார்.

உரிந்த இடம் நிறத்தை அப்படியே குடித்தது. உரியாத இடம் குடிக்க மறுத்தது. மூன்று மணி நேரம் கழித்து அவர் நெற்றியில் ஒரு மாநில வரைபடம் இருந்தது, மாவட்ட எல்லைகளோடு. உள்ளங்கை இரண்டும் காரட் நிறம்.

"என்னோட லோஷனைத் தொட்டியா?" என்றாள் மார்லீஸ்.

"இல்லையே."

"கையைக் காட்டு."

அவர் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு நடந்தார். அங்கே கிரீஸ் கறை போக்குவதற்கென்று மணல் கலந்த சோப்பு ஒரு டப்பா இருந்தது. எஞ்சின் ஆயிலையே எடுக்கிற சோப்பு, லோஷன் எம்மாத்திரம்? கால் மணி நேரம் தேய்த்தார். லோஷன் போனது, அங்கங்கே. போன இடத்தில் இளஞ்சிவப்பு, போகாத இடத்தில் ஆரஞ்சு.

புதன்கிழமை தானியக் கிடங்குக்குப் போனபோது தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். ஆனால் பக்கத்துப் பண்ணை ஹார்லன் குனிந்து பார்க்கிற வகை.

"என்னடா டெல்மர், மேல துருப்பிடிச்சிருக்கு? மழையில நிறுத்திட்டாங்களா?"

கிடங்கே சிரித்தது. டெல்மர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, நேரே ரோக்ஸானின் அழகு நிலையத்துக்கு வண்டியை விட்டார். நிலையத்தின் பின்வாசலில் நிறுத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரோக்ஸான் டாராவோடு பள்ளியில் படித்தவள். கல்யாணத்துக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் முடி, மேக்கப், நகம், வெயில் நிற ஸ்ப்ரே என்று அந்த வாரம் அவளுக்கு நிற்க நேரமில்லை. தொப்பியைக் கழற்றியவரைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க அவள் படாத பாடு பட்டாள்.

"உரியற தோல்ல எதையும் போடக்கூடாது, டெல்மர். இன்னிக்கும் நாளைக்கும் க்ரீம் மட்டும் தடவுங்க. வெள்ளிக்கிழமை காலைல வாங்க. ஸ்ப்ரே கூண்டுக்குள்ள நிக்கவெச்சு, கண்ணுக்குக் கீழ டவலால மூடி, நெத்திக்கு மட்டும் ஒரு தடவை அடிச்சுடலாம். ஒரே ஒரு தடவை."

"அடிக்கறதுன்னா, மருந்தடிக்கற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

டெல்மருக்கு ஒரு வாரத்தில் முதல் தடவையாக நிம்மதி வந்தது. மருந்தடிப்பது அவருக்குத் தெரிந்த தொழில்.

வெள்ளிக்கிழமை கூண்டுக்குள் நின்றபோது, எத்தனை முனை, எவ்வளவு அழுத்தம், காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்தார். ரோக்ஸான் டவலைக் கட்டிவிட்டு, பச்சைப் பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்தபோதே முன்னறையில் போன் அடித்தது. "கண்ணை மூடிட்டு ஒரு தடவை அமுக்குங்க. நான் வந்துடறேன்" என்று போனாள்.

அவர் அமுக்கினார். புஸ்ஸென்று அடித்து நின்றது. கண்ணைத் திறந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தால், இடது காது ஓரம் ஒரு பட்டை விட்டுப்போயிருந்தது. வயலில் ஒரு பட்டை விட்டுப்போனால் ஆகஸ்டில் அந்த இடம் மட்டும் களை மண்டி, சாலையில் போகிறவனெல்லாம் பார்த்துச் சிரிப்பான். நெப்ராஸ்காவில் எந்த விவசாயியாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காதைத் திருப்பிக் காட்டி மறுபடி மறுபடி அமுக்கினார். திரும்பிய வேகத்தில் டவல் நழுவிக் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

ரோக்ஸான் திரும்பி வந்தபோது கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டாள்.

"எத்தனை தடவை அமுக்குனீங்க?"

"ரெண்டு. ஓரத்துக்கு மட்டும் மூணு."

"ஓரத்துக்கு எதுக்கு மூணு?"

"வண்டி திரும்பற இடம்மா. அங்க எப்பவும் கொஞ்சம் கூடத்தான் விழும்."

நெற்றி நன்றாகவே நிறம் ஏறியிருந்தது. என்ன பிரயோசனம்? முகமும் அதே அளவு ஏறியிருந்தது. வேர்க்கடலை நிறம் இப்போது காப்பிக்கொட்டை நிறம், நெற்றி வேர்க்கடலை நிறம், நடுவில் கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

அன்று மாலை டாரா ஒமாஹாவிலிருந்து வந்து இறங்கினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவைப் பார்த்ததும் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிவந்து, கட்டிக்கொள்வதற்குப் பதிலாக அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி? பசி இருக்கா? வயிறு வலிக்குதா? அம்மா, இவரு கல்லீரலை யாராவது பார்த்தாங்களா?"

"கல்லீரல் கல்லு மாதிரி இருக்கு. லோஷன்டி அது" என்றாள் மார்லீஸ் உள்ளேயிருந்து.

வேறு வழியில்லாமல் டெல்மர் எல்லாவற்றையும் சொன்னார். டிராக்டர், லோஷன், சோப்பு, கூண்டு.

"உனக்கு அசிங்கமா இருக்கக்கூடாதுன்னுதான். நீயே எழுதியிருந்தியே, தொப்பி கூடாதுன்னு."

டாரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முகத்துல நிழல் விழும்னு போட்டோகிராபர் சொன்னாருப்பா. அதைத்தான் எழுதினேன். உங்க நெத்தியைப் பத்தி நான் எப்பப்பா பேசினேன்?"

டெல்மர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் காரியம் கைமீறிப் போயிருந்தது, காப்பிக்கொட்டை நிறத்தைக் கழுவ முடியாது. சிகாகோக்காரர்கள் வழியில் புயலில் மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை நேரே சர்ச்சுக்கே வருவதாகச் சொன்னது மட்டும்தான் ஒரே ஆறுதல். ஒத்திகை இல்லை. ஒரு ராத்திரி அவகாசம்.

சனிக்கிழமை காலை சர்ச்சின் பக்கத்து அறையில் ரோக்ஸான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டினாள்.

"சிரிக்கக்கூடாது, புருவத்தைத் தூக்கக்கூடாது, வியர்க்கக்கூடாது."

"மூச்சு?"

"மெதுவா."

ஒன்றேகால் மணி நேரம். மூன்று நிறத்தைக் குழைத்து ஒரு நிறமாக்கி, ஸ்பாஞ்சால் ஒற்றி, பிரஷ்ஷால் இழுத்து, பவுடரால் அடக்கினாள். பெண்ணுக்கே அவ்வளவு நேரம் ஆகவில்லை. கடைசியில் கண்ணாடியைக் காட்டினாள்.

கோடு இல்லை. தலைமுடியிலிருந்து தாடைவரை ஒரே நிறத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வங்கி மேனேஜர் மாதிரி இருந்தார். டெல்மர் அந்த ஆளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

மார்லீஸ் உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போய், மறுபடி உள்ளே வந்தாள். "நல்லாத்தான் இருக்கே" என்றாள். "யாருன்னுதான் தெரியலை."

காற்று வாங்க வாசலுக்குப் போனால், வருகிறவர்களுக்கு நிகழ்ச்சித் தாள் கொடுத்துக்கொண்டிருந்த ஹார்லன் ஒன்றை நீட்டி, பணிவாக, "மாப்பிள்ளை வீடுதானே, சார்? வலது பக்கம் உட்காருங்க" என்றான். டெல்மருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அறுபது பேர் வரட்டும், அறுநூறு பேர் வரட்டும். என் பெண்ணைப் பார்த்து எவனும் சிரிக்க முடியாது.

தெருவில் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அறைக்குத் திரும்பி, டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அடுத்த அறையில் டாரா தயாராக இருந்தாள். ஆர்கன் வாசிப்பவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டிவிட்டு ஜூலியனின் அம்மா அட்ரியானா உள்ளே வந்தாள். சாம்பல் நிறப் பட்டு, முத்து மாலை, கசங்காத முகம். இப்படிப்பட்ட சிகாகோக்காரர்களுக்குப் பயந்துதான் அவர் ஒன்பது நாள் இந்தப் பாடு பட்டார்.

"டாராவோட அப்பாவை அவசரமாப் பார்க்கணுமே. எங்கே இருக்காருன்னு தெரியுமா?"

"நான்தாங்க" என்றார் டெல்மர், புருவத்தைத் தூக்காமல்.

அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி நெற்றியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க? தண்ணி கொண்டாரச் சொல்லவா?"

"என் பையன் வெளியில கார்ல உட்கார்ந்துக்கிட்டுத் தொப்பியைக் கழட்டமாட்டேங்கறான்" என்றாள் அட்ரியானா. "நெத்தியும் கன்னமும் ஒரே நிறமா இருக்கறவன் ஒரு நாளாவது உழைச்சிருப்பானான்னு அவனைப் பத்தி நீங்க டாராகிட்ட கேட்டீங்களாமே, அதைக் கேட்டதுலேருந்து மூணு வாரமா விதைக் கம்பெனித் தொப்பியை மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில வெந்து, மாமனார் மாதிரியே ஆயிட்டேன்னு வந்திருக்கான், இப்ப நான் அவன்கிட்ட போய் என்னன்னு சொல்ல?"