பூட்டு மாமா கை கழுவிய சனிக்கிழமை

லண்டன் தமிழர்களில் வாயே திறக்காமல் புகழ் பெற்றவர் ஒருவர்தான். அவர் பூட்டு மாமா. எங்கள் தமிழ்த் தொலைக்காட்சியின் சனிக்கிழமைச் சிறுவர் நிகழ்ச்சியில் கோமாளி. சிவப்பு மூக்கு, தொளதொள கோட்டு, கழுத்தில் பெரிய பூட்டு. ஒரு வார்த்தை பேசமாட்டார், எல்லாவற்றையும் பிழையாகச் செய்வார். பிள்ளைகள்தான் தமிழில் கத்தித் திருத்தவேண்டும்.

மற்ற நாட்களில் மனிதர் டிரைவிங் பழக்குகிறவர். எனக்கும் பழக்கினார். காரில் ஏறினால் அரசியல், ஆட்டிறைச்சி விலை, மூட்டுவலி என்று மூச்சு விடாமல் பேசுவார். ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளை கண்ணில் பட்டால் போதும், வாய் மூடிக்கொள்ளும். ஒருநாள் வெம்பிளியில், பள்ளிக்கூடம் விட்ட நேரம். "அண்ணை, இடமோ வலமோ?" என்று கதறுகிறேன், அவர் மூக்கால் காட்டுகிறார். யாரோ வீட்டுச் செடிவேலிக்குள் காரை நுழைத்தேன். பிள்ளைகள் போனபிறகுதான் குரல் வந்தது.

"பிரேக் எண்டு ஒண்டு இருக்கு, தங்கச்சி."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது? அதுகள் என்னை நம்புதுகள்."

ஆர்ச்வே முருகன் கோயிலில் இன்னும் மோசம். அர்ச்சனைக்கு நின்றவருக்குப் பின்னால் சில வாண்டுகள். "பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர். மாமா கைகளால் என்னவோ காட்டினார். "கார்த்திகையோ?", "பூரமோ?" என்று வரிசையில் நின்றவர்கள் ஏலம் கேட்பதுபோல் கூவினார்கள். கடைசியில் ஐயர் பொறுமையிழந்து சுவாமி பேருக்கே அர்ச்சனையை முடித்துவிட்டார். அன்றைய பலன் முழுவதும் முருகனுக்கே போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழியில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் அவள் தமிழைக் கேட்டு உறவினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்!" என்று வேறு. அன்றோடு அவள் தமிழை நிறுத்திவிட்டாள். கெஞ்சினேன், சொக்லேட் கொடுத்தேன், தமிழ் வகுப்பில் விட்டேன். ம்ஹூம். என்னோடும் இங்கிலீஷ்தான்.

அன்று ஸ்டூடியோவில் மாமா புட்டுச் சாப்பிடும் காட்சி. மற்றப் பிள்ளைகள் கத்த, என் மகள் மட்டும் ஓரத்தில் உம்மென்று இருந்தாள். மாமா மூக்கைத் துடைத்தார், தலையைச் சொறிந்தார், அதே கையைப் புட்டுக்குள் வைக்கப் போனார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, வேண்டாம்! கை ஊத்தை! போய்க் கழுவுங்கோ!"

தமிழ்! நான் சுற்றியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். யாராவது சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு. மாமா சிரிக்கவில்லை. பதறி எழுந்து ஓடினார், கழுவிக்கொண்டு வந்து இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"காணாது, இன்னும் ஊத்தை. சோப்புப் போடுங்கோ."

திரும்பவும் ஓடினார்.

வீடு திரும்பும்போது காரில் அவள் வாய் ஓயவில்லை. மாமாவின் நகம், மாமாவின் சோப்பு, மாமா இனி எப்படிச் சாப்பிடவேண்டும், எல்லாம் தமிழில். ஹரோவில் எங்கள் தெரு வந்தது. நான் காரைத் திருப்பவில்லை, நேரே ஓட்டினேன்.

"அம்மா, வீடு அங்க!"

"ஓம் பிள்ளை. நீ கதையைச் சொல்லு."

பூட்டு மாமா, நீங்கள் நல்லா இருக்கோணும்.