பெஞ்சில் ஒரு நாள்

முறைப்படி மூச்சு விட்ட ஒரே மனிதரை எனக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம். எந்த வட்டம் என்று கேட்காதீர்கள். நான் பென்ஷன் வாங்குகிறேன். அங்கே எனக்குக் கீழே உதவியாளராக இருந்த அவருக்குப் 'பார்வை ஒன்று' என்று பெயர்.

அரசுக் கடிதத்தில் 'பார்வை' என்று போட்டு முந்தைய கடிதங்களைக் குறிப்போமே, அவர் வாயாலும் அப்படித்தான் பேசுவார். வீட்டில்கூட.

"பார்வை ஒன்று: நேத்து நீ கேட்டது. பார்வை இரண்டு: காலையில நீ நினைவூட்டுனது. வெண்டைக்காய் கிடைக்கலை."

"பார்வை மூணு: சோறும் கிடைக்காது" என்பார் அவர் மனைவி.

ஒருமுறை, பெற்றோர் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்த்து, ஒரு பக்கம் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். நாலாம் வகுப்பில் படித்த மகள் கயல் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள் என்று மனிதர் பூரித்துப்போனார். மேசையைத் துடைத்தார். அவளுக்காக ஆடாத நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அரசு அலுவலகத்தில் அதுவே சாதனை.

அன்று காலை அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவளை உள்ளே அனுமதிக்கலாமா என்று கோப்பு போட்டார்.

'வா பாப்பா' என்று நான் சொல்லியிருக்கலாம். விதி தெரிந்தவன் அப்படிச் சொல்வானா? 'இதற்கு விதி உண்டா? பேசவும்' என்று எழுதினேன். பேச வந்தார், நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மதியம், 'விதி இல்லை, தடையும் இல்லை' என்று கோப்பு திரும்பி வந்தது. வட்டாட்சியருக்கு அனுப்பினேன். அவர் ஏரி பார்க்கப் போயிருந்தார்.

வெளியே, ஆலங்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் கயலுக்கு அவித்த கடலை கொடுத்தபடி விசாரித்தார்.

"ஏத்தா, ஒனக்கு என்னா மனு? பட்டாவா?"

"உள்ள வரலாமான்னு மனு. எங்க அப்பாகிட்ட."

"நாங்க மூணு மாசமா ஒக்காந்திருக்கோம். நீ காலையிலதான வந்த? வரிசையில இரு."

ஐந்தரை மணிக்கு, 'அனுமதிக்கலாம்' என்று ஆணை வந்தது. கயல் உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னாப்பா வேலை?"

"பூட்டுறதுதான்."

மறுநாள் அவள் எழுதிய பக்கத்தைக் கையெழுத்துக்குக் கொண்டு வந்தார். 'அப்பாவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிறைய எழுதினார். வெளியே இருப்பவர்கள் உள்ளே வரலாமா என்று எழுதுவது அவர் வேலை. கடலை நன்றாக இருந்தது.'

அந்த அலுவலகத்தைப் பற்றி இதைவிடச் சரியான தணிக்கை அறிக்கையை நான் படித்ததில்லை. கையெழுத்திட்டேன். எந்தப் பார்வையையும் குறிப்பிடாமல் அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கிப்போய் வராந்தாவில் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு, அங்கேயே மனு வாங்கத் தொடங்கினார். முதல் மனு ஆலங்குடி அம்மாளுடையது.

"எந்த ஆணைப்படி?" என்றேன்.

"பார்வை ஒன்று: எம்மக எழுதுன பக்கம், ஐயா."

இருக்கையை விட்டு அகன்றதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்க வேண்டும். படிவம்கூட என் மேசையில் இருந்தது. கொடுக்கவில்லை.

போன மாதம் என் சொந்தப் பட்டா விஷயமாக அந்த அலுவலகத்துக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலை நரைத்திருந்த மனிதர் எழுந்து, தன் நாற்காலியை என்னிடம் நகர்த்தினார்.

"பார்வை ஒன்று: நீங்க எனக்குக் கொடுக்காத மெமோ. இங்கிட்டு ஒக்காருங்கய்யா."

பார்வை இரண்டு எது என்று நான் கேட்கவில்லை. பெஞ்சிலேயே நகர்ந்து, அவருக்கும் இடம் விட்டேன்.